வெட்டச் சொல்லித் தருகிறீர்கள், போட்டுப் பார்க்கவும் சொல்லித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் இணைப்பில் வரும் தையல் பகுதியை விடாமல் படிக்கிறவள் நான். வரைபடம் தெளிவாக இருக்கிறது, கணக்கு தப்பில்லாமல் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது முடிகிற இடம்தான் ஒவ்வொரு முறையும் மனசுக்கு ஒப்பவில்லை. மார்புச் சுற்றளவில் நாலில் ஒரு பங்கு, அதோடு இவ்வளவு லூஸ், தையலுக்கு இவ்வளவு விடுங்கள், வெட்டுங்கள், இணையுங்கள், உடை தயார். அவ்வளவுதான். தைத்ததைப் போட்டுப் பார்த்தால் கழுத்து வாய் பிளக்கிறது, கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் கூடவே ஏறுகிறது, முதுகில் இடுப்புக்கு மேலே ஒரு மடிப்பு விழுந்து கிடக்கிறது, அப்போது என்ன செய்வது என்று ஒரு வரி கூட இல்லை. ஆசையாகத் தைக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதைப் பலரிடம் பார்த்துவிட்டேன். மெஷின் மிதிக்க வந்துவிடும், ஜிப் வைக்கக்கூட வந்துவிடும், போட்டுப் பார்த்தால் உட்காராது. அதோடு துணியை மூலையில் போட்டுவிடுகிறார்கள்.

கேட்டால் “என் உடம்பு வாகு அப்படி, எனக்கு எதுவும் உட்காராது” என்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது. உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. அட்டவணையில் இருப்பது ஒரு சராசரிக் கணக்கு, அதற்கு மேல் அதற்கு மதிப்பு கொடுக்கக் கூடாது. அமெரிக்காவில் 1939, 1940 ஆண்டுகளில் ஆயத்த ஆடைகளுக்குப் பொது அளவு கண்டுபிடிப்பதற்காகவே ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வை வைத்து 1958-இல் ஓர் அளவுத் தரம் வெளியானது, 1983-இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். அத்தனை பேரை அளந்து போட்ட கணக்கே நிலைக்கவில்லை என்றால், எங்கோ அச்சான அட்டவணைக்குள் நம் உடம்பு அடங்கவில்லையே என்று யாரும் கூச வேண்டியதில்லை.

ஒரே மார்பளவு உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், இன்னொருவருக்கு முன்பக்கம் நிறைவு. டேப்பைச் சுற்றிப் பிடித்தால் இருவருக்கும் 38 அங்குலம்தான் வரும். நாலில் ஒரு பங்கு கணக்கில் இருவருக்கும் ஒரே சட்டைதான் வெட்டுவோம். முதலாமவருக்கு முதுகு பிடிக்கும், முன்னால் துணி தொங்கும். இரண்டாமவருக்குப் பட்டன் இடைவெளி விடும், ஆனால் தோளும் முதுகும் தொளதொளவென்று இருக்கும். அவர் இன்னும் பெரிய அளவில் வெட்டினால் தோள் மேலும் இறங்கி அசிங்கமாகிவிடும். இதற்கு வழி இருக்கிறது. மார்புக்கு மேலே, அக்குளை ஒட்டி டேப்பைப் பிடித்து இன்னோர் அளவு எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் பேப்பர் பேட்டர்ன்களில் (துணி மேல் வைத்து வெட்டும் காகித வடிவங்களில்) பெரும்பாலும் இந்த மேல் அளவுக்கும் முழு மார்பளவுக்கும் ஏறக்குறைய 2 அங்குல வித்தியாசம்தான் கணக்கு. அதற்கு மேல் வித்தியாசம் உள்ளவர்கள் மேல் அளவை வைத்துத் தோளையும் கழுத்தையும் ஆர்ம்ஹோலையும் (கை இணையும் வளைவை) வெட்டிக்கொண்டு, முன்பாகத்தில் மட்டும் அகலமும் நீளமும் கூட்டி, டாட்டை, அதாவது மார்புக்கு வடிவம் கொடுக்கக் கூராக மடித்துத் தைக்கும் பிடிப்பை, ஆழமாகப் பிடிக்க வேண்டும். டாட்டின் முனை மார்பின் உச்சிக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நின்றுவிட வேண்டும், உச்சி வரை கொண்டுபோனால் அங்கே கூம்பு மாதிரி துருத்தும். இவ்வளவும் ஒரு பத்தியில் சொல்லிவிடக்கூடிய விஷயம், ஆனால் தையல் பகுதிகளில் அனேகமாக வருவதில்லை.

அடுத்தது கத்தரிக்கோல் பழக்கம். எங்கே பிடிக்கிறதோ அங்கே வெட்டிவிடுகிறார்கள். அக்குள் பிடிக்கிறது என்றால் ஆர்ம்ஹோலை இன்னும் அரை அங்குலம் இறக்கு, மறுபடி பிடிக்கிறதா, இன்னும் கொஞ்சம் இறக்கு. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது லூஸாக இருப்பது போலத்தான் தெரியும். கையைத் தூக்கிப் பார்த்தால் சட்டை முன்னைவிட அதிகமாக மேலே ஏறும். காரணம் இதுதான்: இடுப்பிலிருந்து அக்குள் வரை பக்கத் தையல், அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை கையின் அடித் தையல், இரண்டும் சேர்ந்துதான் கை மேலே போக இடம் கொடுக்கின்றன. அக்குளை இறக்கும்போது இரண்டுமே குட்டையாகின்றன. கை மேலே போக வேண்டிய தூரத்துக்குத் துணி இல்லை, அதனால் சட்டையையே இழுத்துக்கொண்டு போகிறது. ஒட்டித் தைக்கிற சட்டையில் ஆர்ம்ஹோல் அக்குளுக்கு அரை அங்குலம், மிஞ்சினால் ஓர் அங்குலம் கீழே இருந்தால் போதும். கேட்கும்போது நம்பவே முடியாது, ஆனால் உயரமான ஆர்ம்ஹோலில்தான் கை சுலபமாக அசையும். உண்மையில் பிடிப்பது பல நேரம் முதுகு அகலம் போதாததால், இல்லையென்றால் சட்டைக் கையின் மேல் வளைவு உயரமாகவும் புஜத்தின் அகலம் குறைவாகவும் வெட்டப்பட்டதால். வளைவை சற்றுத் தாழ்த்தி அகலத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்.

கழுத்திலும் இதே கதைதான். என்னிடம் தையல் கேட்டு வரும் ஒரு பெண், இணைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழுத்து நெரிக்கிறது என்று உடனே கத்தரியை எடுத்தாள். நிறுத்தச் சொல்லி இருவரும் பார்த்தோம். தையல் கோடு ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே இருக்கிறது, அந்த அரை அங்குலத் துணி இன்னும் கழுத்தின் மேலேயே விறைப்பாக நிற்கிறது, அதுதான் நெரிக்கிறது. கோட்டின் மேல் ஒரு தையல் ஓட்டி, ஓரத்திலிருந்து அந்தத் தையல் வரை அங்கங்கே சின்னச் சின்னதாக நறுக்கிவிட்டோம். துணி விரிந்து வெளியே படிந்தது, கழுத்து அளவாக உட்கார்ந்தது. அவள் நினைத்தபடி வெட்டியிருந்தால், அப்புறம் பட்டி வைத்துத் தைக்கும்போது அரை அங்குலம் மேலும் அகன்று தோளிலிருந்து வழுக்கியிருக்கும். ஆர்ம்ஹோலுக்கும் இதே சோதனை பொருந்தும். வளைவான ஓரம் எதுவானாலும் தையல் கோட்டை வரைந்து, நறுக்கிவிட்டு, பிறகுதான் இறுக்கமா இல்லையா என்று முடிவுக்கு வர வேண்டும்.

வாய் பிளக்கிற கழுத்துக்கு இன்னும் இறக்கி வெட்டினால் பிளவு பெரிதாகத்தான் ஆகும். உபரித் துணியைக் கழுத்தோரத்தில் கிள்ளிப் பிடித்து எவ்வளவு என்று பார்த்து, பேப்பரில் அந்த அளவை மார்பின் உச்சியை நோக்கிக் கூர்மையாக மடித்துவிட்டு, டாட்டை அதற்கேற்பத் திறந்துகொடுக்க வேண்டும்.

மடிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. படுக்கை வாட்டில் விறைப்பாக இழுத்து நிற்கும் மடிப்பு என்றால் அந்த இடத்தில் சுற்றளவு போதவில்லை. அதே படுக்கை மடிப்பு தளர்ந்து தொங்கினால் அங்கே நீளம் அதிகம். முதுகில் இடுப்புக்கு மேலே விழுவது அனேகமாக இதுதான், அதைப் படுக்கையாகக் கிள்ளி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். செங்குத்தாகத் தொங்கினால் அகலம் அதிகம். சாய்வாக இழுத்தால் அந்தக் கோடு எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கே போய்த் தேட வேண்டும். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக விழுகிற மடிப்பை நிறையப் பேரிடம் பார்க்கலாம், அது தோளின் சரிவு பேட்டர்னைவிட அதிகம் என்பதற்கு அடையாளம். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இல்லாதவர்கள் ஏராளம். தோள் தையலைக் கழுத்துப் பக்கம் தொடாமல் கைப் பக்கத்தில் மட்டும் உள்ளே பிடித்து, பிடித்த அளவுக்கே ஆர்ம்ஹோலின் அடியை இறக்கினால் போதும். இறக்காதே என்று மேலே சொன்னேன், இங்கே மட்டும் இறக்குவது தேவை, ஏனென்றால் தோள் கீழே வந்ததால் முழு வட்டமும் சுருங்கிவிட்டது.

எப்போதும் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்து வர வேண்டும், உடுப்பு முழுவதும் அங்கேதான் தொங்குகிறது. தோளைச் சரி செய்தாலே இடுப்பில் தெரிந்த கோணல் பல நேரம் காணாமல் போய்விடும்.

தையலின் துல்லியம் பற்றியும் யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. எட்டில் ஓர் அங்குலம்தானே என்று பக்கத் தையலைத் தள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தையலுக்கு இரண்டு பக்கத் துணி, இரண்டு பக்கத் தையல், ஆக நாலு முறை எட்டில் ஒன்று, அரை அங்குலம் போயிற்று. டாட்டுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை நீளத் தையல் வரும் பிரின்சஸ் கட் சட்டையில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்தில் இரண்டு என்று ஆறு தையல். அதே எட்டில் ஒன்று பன்னிரண்டு முறை சேர்ந்து ஒன்றரை அங்குலமாகிவிடும். அளவெடுத்ததும் சரி, வெட்டியதும் சரி, ஆனாலும் இறுக்கம் என்று குழம்புகிறவர்கள் முதலில் தைத்த கோட்டை அளந்து பார்க்கட்டும். பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டுவதும் இந்த வகைதான். 3 சதவீதம் சுருங்கினாலே 40 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும், அதைப் பார்த்து உடம்பு பெருத்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள்.

மாதிரி தைத்துப் பார்ப்பது நேர விரயம் என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கை, கழுத்துப் பட்டி, ஜிப் எதுவும் வேண்டாம், பழைய படுக்கை விரிப்பில் மேல்பாகத்தை மட்டும் பெரிய தையலாக ஓட்டுங்கள், பக்கத்தில் ஓர் அங்குலம் தாராளமாக விடுங்கள். வெட்டும்போதே மார்பு, இடுப்பு, பிருஷ்டம் மூன்று இடத்திலும் பென்சிலால் படுக்கைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு நிற்கும்போது அந்தக் கோடுகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னால் கோடு மேலே ஏறியிருந்தால் முன்பாகத்தின் நீளம் குறைவு, பின்னால் ஏறியிருந்தால் பின்பாகத்தில் குறைவு. கண்ணாடி முன் திரும்பித் திரும்பி முதுகைப் பார்க்க வேண்டாம், திரும்பினாலே துணியும் முறுக்கிக்கொண்டு இல்லாத மடிப்பையெல்லாம் காட்டும். போனை எங்காவது சாய்த்து வைத்து டைமர் போட்டு, கையை இயல்பாகத் தொங்கவிட்டு, முன், பின், பக்கம் என்று படம் எடுத்துப் பார்த்தால் தனியாக இருப்பவர்களும் சரி பார்க்கலாம்.

பேண்ட் தைக்கப் பலர் பயப்படுகிறார்கள், அதற்குத் தனிக் கடிதமே எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். கவட்டின் ஆழத்தை நின்றுகொண்டு அளக்காதீர்கள், கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை பக்கவாட்டில் அளந்து, அதோடு அரை முதல் ஓர் அங்குலம் சேர்க்க வேண்டும். தைத்த பிறகு முன்னால் கவட்டிலிருந்து கோடுகள் விரிந்து இழுத்தால், இடுப்பைப் பிரித்து லூஸ் செய்வதில் பயனில்லை. உள்தொடைப் பக்கம் கவட்டு வளைவின் முனையை நீட்ட வேண்டும். இடுப்பு சரியாக இருந்தும் பின்னால் மட்டும் வாய் பிளந்தால் நடுத் தையலிலும் பின் டாட்டிலும் பிடிக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடுத்த வாரம், அதே உடையைப் போட்டுப் பார்க்கும்போது வரக்கூடிய மூன்று நாலு மடிப்புகளைக் கோட்டுப் படமாகப் போட்டு, காரணமும் திருத்தமும் எழுதுங்கள். வாசகர்களிடம் முகம் தெரியாமல் முன், பின், பக்கப் படங்களை அனுப்பச் சொல்லி, விவரம் தெரிந்த தையல்காரர் ஒருவரைப் பதில் எழுத வைத்தால் இன்னும் நல்லது. பெண்கள் உடை மட்டும் போதாது, ஆண்கள் சட்டையும் வேண்டும். முன்னால் தள்ளிய தோளும் கூனிய முதுகும் அவர்களுக்கும் உண்டு. முதல் வாரத்துக்கு ஆர்ம்ஹோலையே எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் பேர் துணியைப் பாழாக்குவது அங்கேதான்.

அன்புடன்,
தன் உடைகளைத் தானே தைத்துக்கொள்ளும் ஒரு வாசகி