யானை வந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் வாரத்தில் எல்லா நாளிதழ்களும் மாணவர் மனநலம் பற்றி எழுதுகின்றன. மருத்துவர்கள் அறிவுரை சொல்கிறார்கள், 104 எண்ணில் ஆலோசனை தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்; நான் சொல்லப்போவது என் தவற்றைத்தான்.

ஒரு மழைக்காலம். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் முதல் பாடவேளையிலேயே வயிறு வலிக்கிறது என்பான். குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சரி, வீட்டுக்குப் போ என்றால் அதற்கும் நகர மாட்டான். எனக்கு எரிச்சலூட்டியது அதுதான். பள்ளி பிடிக்காத பிள்ளை வீட்டுக்கு ஓடவேண்டும் அல்லவா? ஒருநாள், "என்னடா, நாடகமா?" என்று வகுப்பே சிரிக்கும்படி கேட்டுவிட்டேன். வயிற்றைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் வயிற்றுவலி என்று சொல்லவே இல்லை. குணமாகிவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னவர் எங்கள் சத்துணவு ஆயா. அவன் குடியிருந்தது பாடியின், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், கடைசி வீடு. ஓர் இரவு யானை வந்து சமையலறைச் சுவரைத் தள்ளி அரிசி மூட்டையை இழுத்துப் போயிருக்கிறது. அவனும் தாயும் தங்கையும் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறார்கள். அன்று முதல் பையனுக்கு இரவில் தூக்கமில்லை. மாலையில் பள்ளி விட்டால், கொழுந்து எடுக்கப் போன தாய் திரும்பும்வரை, தார்ப்பாய் கட்டிய அந்தச் சுவருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போ என்று நான் சொன்னபோது அவன் காதில் என்ன விழுந்திருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆயாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "முட்டையைத் திங்காம வெச்சிருந்தான் டீச்சர், அதான் கேட்டேன்" என்றார். கேட்டார், அவ்வளவுதான். பயிற்சி வகுப்புகளுக்கெல்லாம் போய் வந்த எனக்கு அது தோன்றவில்லை.

பிரம்பு எடுக்காத டீச்சர் என்று பெயர் வாங்கியவள் நான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதன் 17ஆம் பிரிவில் பிரம்படியோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. நான் செய்த கேலிக்கு வேறு பெயர் இல்லை.

பெரியவர்களுக்குக் கவலை வந்தால் கவலை என்று சொல்வார்கள். ஏழு வயதுக்கு அந்தச் சொல் வாய்க்காது, வயிறுதான் வலிக்கும். சில பிள்ளைகள் விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையை நனைப்பதைத் திரும்பத் தொடங்குவார்கள், சிலர் நகம் கடிப்பார்கள், நேற்றுவரை சாதுவாக இருந்தவன் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவான். முதலில் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அவர் ஒன்றுமில்லை என்றால் விசாரணை முடிந்தது என்று பொருளில்லை. எங்கள் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கு வீட்டில் வேறு மொழி. ஜார்கண்டிலிருந்து தேயிலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழே புதிது. வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை மந்தம் என்று எழுதிவிடுகிறோம். பயமா, மொழியா, வேறு ஏதாவதா என்று பார்க்க யாருக்கு நேரம்? 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டக் கணக்கு, வகுப்புகளோ ஐந்து. இதற்கு நடுவில் எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் பதிவு வேறு. சிக்னல் தேடி மேட்டில் ஏறும் ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்ததுண்டு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தார்கள். 14417, 1098 என்ற உதவி எண்களைச் சுவரில் எழுதினார்கள். எழுதத் தெரிந்த, போன் வைத்திருக்கிற பிள்ளைக்கு இரண்டும் உதவும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எதை எழுதிப் பெட்டியில் போடும்? என்னைக் கேட்டால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மனத்துக்கு நடந்த பெரிய நல்லது காலை உணவுத் திட்டம்தான். 2023 ஆகஸ்ட் 25 முதல் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வரும் பிள்ளை அழும், அடிக்கும், தூங்கும். அதில் பாதி உப்புமாவில் தீர்ந்துவிடும். மீதிப் பாதியை முதலில் பார்ப்பவர்களும் பரிமாறும் பெண்கள்தான். யார் தட்டை அப்படியே வைத்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து, தெரிந்ததைத் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டால் போதும். வட்டாரத்துக்கு ஓர் ஆலோசகர், மாதம் ஒருமுறையாவது தொடக்கப் பள்ளிகளுக்கு வரவேண்டும். மனநல ஆலோசனைக்குப் பிள்ளையை ஊட்டிக்கு அழைத்துப் போங்கள் என்பது எங்களுக்கு உதவாத யோசனை. கூடலூரிலிருந்தே 50 கிலோமீட்டர். தாய்க்கு ஒரு நாள் கூலி போய்விடும், பிள்ளை கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும்.

2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். மறியல் நடந்தது, மயக்க ஊசி போட்டுச் சிறுத்தையைப் பிடித்தார்கள். செய்ய வேண்டியவைதான். அதே தேயிலைக் காட்டு வழியாக நடந்து பள்ளிக்குப் போகிற மற்றப் பிள்ளைகளிடம் அந்த வாரம் யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

யானை வந்துபோனால் வனத்துறையினர் வந்து, எத்தனை வாழை சாய்ந்தது, சுவர் எவ்வளவு இடிந்தது என்று இழப்பீட்டுக்காகக் குறித்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளிலேயே இன்னும் ஒரு வரி சேர்க்கும்படி மாவட்ட ஆட்சியரை உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பள்ளி. அன்று காலையே அந்தப் பள்ளிக்கு ஒரு போன் போனால், முதல் பாடவேளையில் அந்தப் பிள்ளையை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

(அந்தப் பையன் இப்போது இதே ஊரில்தான் இருக்கிறான். அதனால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)