ஹாரிஸ் கொடுத்த உறை: ஆங்கில இலக்கிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

எம்.ஏ. படித்த காலத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் 'தி சன் ஆல்சோ ரைசஸ்' நாவலை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு கைடு. வகுப்பில் முதல் நாளே பலகையில் 'லாஸ்ட் ஜெனரேஷன்' (தொலைந்த தலைமுறை) என்று எழுதிவிட்டார்கள். முதல் உலகப்போர், நம்பிக்கை இழப்பு, குடி, ஊர்சுற்றல், நோக்கமில்லாத வாழ்க்கை என்று ஐந்து பாயிண்ட். அதையே பரீட்சையில் எழுதினேன். நல்ல மார்க்கும் வந்தது. நாவலை முழுதாகப் படித்தது வேலைக்குப் போன பிறகுதான். அந்த இரண்டு வார்த்தை எத்தனை மனிதர்களை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

1926இல் வந்த அந்தப் புத்தகத்தின் தொடக்கத்தில் இரண்டு மேற்கோள்கள் உண்டு. 'நீங்கள் எல்லோரும் தொலைந்த தலைமுறை' என்று எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் சொன்னது ஒன்று. அதற்கு அடுத்தது பைபிளின் பிரசங்கி: "ஒரு சந்ததி போகிறது, மறு சந்ததி வருகிறது, பூமியோ என்றைக்கும் நிலைத்திருக்கிறது." நாவலின் பெயர் வந்ததே இந்தப் பகுதியிலிருந்துதான். பூமி நிலைத்திருக்கிறது என்பதுதான் தன் புத்தகத்தின் சாரம் என்று ஹெமிங்வே தன் பதிப்பாசிரியர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்குக் கடிதமே எழுதினார். நாம் மட்டும் முதல் மேற்கோளோடு நின்றுவிட்டோம்.

நாவலின் நாயகி பிரெட் ஆஷ்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களை ஒருவர் மாற்றி ஒருவராகக் கெடுப்பவள் என்றுதான் நான் விடைத்தாளில் எழுதினேன். அவள் போரில் தொண்டு செவிலியாக இருந்தவள். உயிராக நேசித்தவன் போர்க்காலத்தில் வயிற்றுக்கடுப்பில் செத்துப்போனான். அப்புறம் கட்டிக்கொண்ட கடற்படைக்காரர் வீடு திரும்பியதும் கட்டிலில் படுக்க மறுக்கிறார். அவளையும் தரையில்தான் படுக்க வைக்கிறார். கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறார். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தூங்குகிறார். அவர் கண் அயர்ந்ததும் அவள் எழுந்து குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். கணவரைப் பற்றிய இதெல்லாம் நாவலில் அவளை மணக்கவிருக்கும் மைக் வாய்வழியாகப் போகிறபோக்கில் வரும் சில வரிகள். தினமும் இருட்டில் அந்தக் குண்டுகளைத் தடவி எடுத்த பெண்ணைப் பற்றி ஒரு கேள்வித்தாளாவது கேட்டிருக்கிறதா?

கதையைச் சொல்லும் ஜேக் பார்ன்ஸும் அப்படித்தான். போரில் அவனுக்குப் பட்ட காயத்தை 'ஆண்மை இழப்பின் குறியீடு' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அவன் விளக்கை அணைக்காமல் ஆறு மாதம் தூங்கியவன். பகலில் எதையும் திடமாகத் தாங்கிவிடலாம், ராத்திரி அப்படியில்லை என்று சொல்பவன். ஹெமிங்வேயும் 1918 ஜூலை 8 அன்று, 18 வயதில், இத்தாலியில் பியாவே ஆற்றங்கரையில் காயம்பட்டு மிலான் மருத்துவமனையில் கிடந்தவர்தான்.

ஆனால் எனக்கு மனசை விட்டுப் போகாதவன் ஹாரிஸ். எந்த நோட்ஸிலும் அவனைப் பார்த்ததில்லை. ஸ்பெயினின் புர்குவேத்தே மலையூரில் ஜேக்கும் அவன் நண்பன் பில்லும் மீன்பிடிக்கப் போனபோது பழக்கமாகும் ஆங்கிலேயன். சாயங்காலம் மூவரும் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள், மடாலயம் பார்க்கப் போகிறார்கள். போருக்குப் பிறகு தனக்குச் சந்தோஷம் என்று பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை என்கிறான். பஸ் கிளம்பும் நேரத்தில் ஆளுக்கொரு உறையைக் கொடுக்கிறான். தூண்டிலில் மாட்டுவதற்காகத் தானே கட்டிய ஒரு டஜன் செயற்கைப் பூச்சிகள் அதில் இருக்கின்றன. போரைப் பற்றி அவன் வேறெதுவும் சொல்வதில்லை. நாவலில் அப்புறம் அவன் வருவதுமில்லை. அந்த உறையைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பம்ப்லோனா திருவிழாவில் மாட்டோட்டத்தின்போது கொம்பு குத்திச் சாகும் விசென்தே கிரோனஸும் ஒரு விவசாயிதான். மனைவியும் இரண்டு குழந்தைகளும் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்து மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறுகிறார்கள். அவனைக் கொன்ற மாட்டின் காதை அறுத்து மாட்டுச்சண்டை வீரன் ரொமேரோவுக்குத் தருகிறார்கள், அவன் அதை பிரெட்டுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். அவள் அதை ஹோட்டல் மேசை இழுப்பறையில் சிகரெட் துண்டுகளோடு விட்டுவிட்டுப் போகிறாள். போர் இவர்களுக்குள் எதை மரத்துப்போகச் செய்தது என்பதை எந்தப் பாயிண்டையும்விட அந்த இழுப்பறை தெளிவாகக் காட்டுகிறது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இவர்களோடு சுற்றும் ராபர்ட் கோன் யூதன் என்பதற்காகவே மற்றவர்கள் அவனை வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். கதைசொல்லியின் குரலிலும் அந்த ஏளனம் கலந்திருக்கிறது. அதைத் தாண்டிப் போகாதீர்கள். மாணவர்கள் அதைக் கவனிக்காமல் ரசித்துப் படித்தால் தப்பு நம்முடையதாகிவிடும்.

சிலபஸை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த செமஸ்டரில் இந்த நாவல் வந்தால், முதல் வகுப்பில் பலகைப் பக்கம் போவதற்கு முன்னால் பதின்மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, ஹாரிஸ் விடைகொடுக்கும் பக்கங்களை மாணவர் ஒருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அந்த உறை எதற்கு என்று அவர்களே கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் மாணவர்களில் ஒருவன்