நம்ம தமிழ்ச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: கோர்ட்டு கேஸ் நமக்கு எதுக்குன்னு கேட்டீங்களே

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே,

பொங்கல் விழா பேச்சுப்போட்டியில பெரிய பிள்ளைங்க பிரிவுக்கு நான் குடுத்த தலைப்பு ‘இந்த நாட்டை மாத்தின தீர்ப்புகள்’. லிஸ்ட்டு திரும்பி வந்தப்ப அந்த இடத்துல ‘கைப்பேசி வரமா சாபமா’ன்னு இருக்கு. போன வருசமும் அதேதான், சாபம்னு பேசின பையன்தான் முதல் பரிசு, மேடைய விட்டு இறங்கினதும் முதல் வேலையா போனைத்தான் எடுத்தான். ஏன் மாத்தினீங்கன்னு கேட்டதுக்கு ரெண்டு காரணம் சொன்னீங்க, சங்கத்துல அரசியல் வேணாம், அப்புறம் கோர்ட்டு கேஸெல்லாம் அமெரிக்காக்காரங்க சமாச்சாரம் நமக்கு எதுக்கு. ரெண்டுக்கும் பதில் எழுதுறேன், எல்லாரும் படிக்கட்டும்னுதான் பொதுவுல போடுறேன்.

முதல் காரணத்தை சீக்கிரம் முடிச்சிரலாம். சங்கம் 501சி3 அமைப்பு, அதாவது வரிவிலக்கு வாங்கின லாபநோக்கமில்லாத அமைப்பு, வரிவிலக்குக்கு ஆபத்து வந்துரும்னு பயந்தீங்க. அந்த விதி தடுக்குறது தேர்தல்ல நிக்கிற வேட்பாளருக்கு ஆதரவாவோ எதிராவோ சங்கம் இறங்குறதை. 1898ல வந்த ஒரு தீர்ப்பைப் பத்தி பதினோராம் கிளாஸ் பொண்ணு அஞ்சு நிமிசம் பேசினா அது அதுல வராது. கவுன்சில் எலக்சனுக்கு நின்னவரை மேடையேத்தி சால்வை போர்த்துனோமே, அதைப் பத்தி வேணா கவலைப்படுங்க.

ரெண்டாவது காரணம்தான் என்னைத் தூங்க விடல. நமக்கு எதுக்குன்னா கேக்குறீங்க?

2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேத்த அன்னிக்கே டிரம்ப் ஒரு உத்தரவு போட்டாரு, அம்மா தற்காலிக விசால இருந்து அப்பா சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லன்னா இங்க பொறக்குற பிள்ளைக்கு குடியுரிமை கிடையாதுன்னு. எச்1பிங்குற தற்காலிக வேலை விசால இருக்குற நம்ம பிள்ளைங்க எத்தனை பேரு அந்த வாரம் தூக்கமில்லாம கிடந்தாங்கன்னு உங்களுக்கே தெரியும், நம்ம குரூப்லயே வாயும் வயிறுமா இருந்த பொண்ணுங்க கேட்ட கேள்விங்கதான் ராத்திரி பூரா ஓடுச்சு. மூணு நாள்ல சியாட்டில்ல ஜான் காஃபனோர்னு ஒரு ஜட்ஜ், ரீகன் காலத்துல நியமிச்சவரு, இது அப்பட்டமா அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு நிறுத்தி வச்சாரு. அப்புறம் கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. உத்தரவை எதிர்த்து வாதாடினவங்க எல்லாரும் முதல்ல தூக்கிக் காட்டின பேரு ஒண்ணு, வாங் கிம் ஆர்க். யாருடா அதுன்னு அன்னிக்கு குரூப்ல கேட்டதுக்கு ஒருத்தரு ‘ஏதோ சைனாக்காரரு’ன்னு பதில் போட்டாரு, அதோட விட்டுட்டோம்.

அந்த ஏதோ சைனாக்காரரு சான் ஃப்ரான்சிஸ்கோவுல 1873ல பொறந்தவரு, சமையல்காரரு. 1894ல சீனாவுக்குப் போயிட்டு 1895 ஆகஸ்டுல காப்டிக்குங்குற கப்பல்ல திரும்பி வந்தாரு, கையில பேப்பர் இருக்கு, இவரு இங்க பொறந்தவருதான்னு வெள்ளைக்காரங்களே சாட்சிக் கையெழுத்து போட்ட பேப்பர். கஸ்டம்ஸ் அதிகாரி இறங்க விடல. 1882லேருந்தே சீனத் தொழிலாளிங்க உள்ள வரக்கூடாதுன்னு சட்டம் இருந்த காலம், அப்பா அம்மா சீன ராஜாவோட பிரஜைங்க, அதனால நீயும் அப்படித்தான்னு சொல்லிட்டாங்க. கப்பல் சும்மா நிக்குமா, அது கிளம்புறப்ப இவரை இன்னொரு கப்பலுக்கு மாத்துறது, அது கிளம்பினா வேறொண்ணு, இப்படியே பல மாசம் பொறந்த ஊரு கண்ணு முன்னாடி தெரிய கடல்லயே வச்சிருந்தாங்க. இவருக்காக வக்கீல் வச்சது யாரு தெரியுமா? அங்க இருந்த சீன சங்கங்களோட கூட்டமைப்பு. சங்கம்ணே! பொங்கல் விழா மாதிரி விழா மட்டும் நடத்திட்டு இருந்தவங்க இல்ல, சந்தா காசை எடுத்து கோர்ட்டுக்குப் போனவங்க.

1898 மார்ச் 28ஆம் தேதி தீர்ப்பு, ஆறுக்கு ரெண்டு. இங்க பொறந்தா இந்த நாட்டுப் பிள்ளைன்னு சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஹோரஸ் கிரே எழுதினாரு, 1868ல அரசியல் சாசனத்துல வந்த பதினாலாவது திருத்தத்தை வச்சு. எதிர்த்த ரெண்டு பேருல ஒருத்தரு ஹார்லன், ரெண்டு வருசம் முன்னாடி பிளெஸ்ஸி கேஸ்ல கறுப்பினத்தவங்களைத் தனி ரயில்பெட்டியில உக்கார வைக்கிறது தப்புன்னு ஒத்தை ஆளா நின்னு எழுதின அதே பெரிய மனுசன், சைனாக்காரங்கன்னு வந்ததும் அந்தப் பக்கம் போயிட்டாரு. ஒரு நல்ல பேச்சாளப் பிள்ளை கையில இது கிடைச்சா என்ன பண்ணும்னு யோசிச்சுப் பாருங்க. வாங் கிம் ஆர்க்கைப் பெத்தவங்க இங்கயே நிலையா குடியிருந்தவங்கதானே, தற்காலிக விசால வந்தவங்களுக்கு இது எப்படிப் பொருந்தும்னு இப்ப அரசாங்கத் தரப்பு கேட்ட கேள்வியையும் பிள்ளைங்க எடுத்துப் பேசட்டும், ரெண்டு பக்கமும் பேசினாதானே போட்டி. ஜெயிச்சவருக்கும் நிம்மதி கிடைக்கலங்குறது தனிக் கதை, 1901ல டெக்சாஸ் எல் பாசோவுல மறுபடி பிடிச்சு வச்சு நீ சிட்டிசன்னு நிரூபின்னு இழுத்தடிச்சாங்க.

சரி அவரு சைனாக்காரரு, நம்ம கதை எங்கன்னா, 1923க்கு வாங்க.

பகத் சிங் திண்ட், அமிர்தசரஸ் பக்கத்துக்காரரு, 1913ல வந்தாரு, ஒரிகன்ல மரம் அறுக்குற மில்லுல வேலை, முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல சேர்ந்து யூனிஃபார்மோட தலைப்பாகையும் கட்டிட்டு நின்னவரு. 1918ல குடியுரிமை குடுத்தாங்க, நாலு நாள்ல பிடுங்கிட்டாங்க. ஒரிகன்ல மறுபடி வாங்கினாரு, அதையும் அரசாங்கம் எதிர்த்து மேல போச்சு. அப்ப சட்டம் என்னன்னா, 1790லேருந்து ‘சுதந்திரமான வெள்ளையர்’ மட்டும்தான் குடியுரிமை கேக்க முடியும், 1870ல ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்களைச் சேர்த்தாங்க, நடுவுல இருக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இடமே கிடையாது. திண்ட் கேஸுக்கு மூணு மாசம் முன்னாடி ஒசாவான்னு ஒரு ஜப்பான்காரரு கேஸ்ல, வெள்ளையர்னா காகேசியன் இனம்னு அர்த்தம், நீ காகேசியன் இல்லன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. உடனே திண்ட் தரப்பு, நாங்க காகேசியன்தானே உங்க அறிஞருங்களே எழுதியிருக்காங்களேன்னு போனாங்க. அதே சதர்லேண்ட், அதே ஜட்ஜுதான் ரெண்டு தீர்ப்பும் எழுதினது, இப்ப பிளேட்டைத் திருப்பிட்டாரு, அறிஞர் சொல்றதெல்லாம் வேணாம், சாதாரண மனுசன் பார்வையில நீ வெள்ளை இல்லன்னு. எல்லா ஜட்ஜும் ஒரே குரல். இதுல வேடிக்கை, சதர்லேண்டே இங்கிலாந்துல பொறந்து வந்தவரு.

இப்ப நான் சொல்லப்போறதைத்தான் கொஞ்சம் நிதானமா படிக்கணும். திண்ட் தரப்பு வச்ச வாதம் நாங்க உயர்சாதி, ஆரிய ரத்தம், எங்க ஊருல கீழ்சாதியோட நாங்க கலக்க மாட்டோம், நீங்க நீக்ரோவைப் பாக்குற மாதிரிதான் கல்யாண விசயத்துல நாங்க எங்க ஊருப் பழங்குடிங்களைப் பாக்குறோம், அதனால எங்களையும் உங்க வரிசையில சேத்துக்கோங்கங்குற வாதம். படிச்சப்ப எனக்கு வயித்தைப் புரட்டுச்சு. கோர்ட்டு அதுக்கு என்ன சொல்லுச்சு? சாதிக் கட்டுப்பாடெல்லாம் இருந்தும் ரத்தம் கலந்துதான் போயிருக்கு, இந்துஸ்தான்ல ஆரியருங்க கறுத்த தோல் திராவிடருங்களோட கலந்துட்டாங்கன்னு. ஆமா, திராவிடர்ங்குற சொல்லு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புல உக்காந்திருக்கு, ஒரு மனுசனுக்குக் குடியுரிமை மறுக்குறதுக்குக் காரணமா! நம்மளப் பத்தி நம்மளக் கேக்காமயே ரெண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் எழுதி வச்சிட்டாங்க. இந்தத் தீர்ப்பு அமெரிக்காக்காரங்க சமாச்சாரம்னு சொல்றீங்களே, நம்ம பிள்ளைங்க இதைப் படிச்சுட்டு தமிழ்ல மேடையில பேசலன்னா வேற எவன் பேசுவான்?

அந்தத் தீர்ப்பு வந்ததும் ஏற்கனவே குடியுரிமை வாங்கின இந்தியருங்ககிட்டேருந்தும் ஒவ்வொண்ணா பிடுங்க ஆரம்பிச்சாங்க. கலிபோர்னியாவுல குடியுரிமை வாங்கத் தகுதியில்லாதவங்க நிலம் வச்சுக்கக்கூடாதுன்னு வேற சட்டம், அதனால குடியுரிமையோட சொத்தும் போச்சு. வைஷ்ணோ தாஸ் பகாய்னு ஒருத்தரு, 1915ல பொண்டாட்டியையும் மூணு ஆம்பளப் பிள்ளைங்களையும் கூட்டிட்டு சான் ஃப்ரான்சிஸ்கோ வந்து கடை வச்சு சிட்டிசன் ஆனவரு, பிரிட்டிஷ்காரன்கிட்டேருந்து தப்பிச்சு வந்தவருக்கு மறுபடி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கோன்னா எப்படி இருக்கும்? 1928ல உயிரை மாய்ச்சுக்கிட்டாரு, ஏன்னு பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி வச்சிட்டு. சகாராம் கணேஷ் பண்டிட்டுன்னு ஒரு வக்கீல், திண்டுக்காக வாதாடினவரே, அவரு குடியுரிமையையும் பறிக்க வந்தாங்க, நான் இதை நம்பித்தான் வக்கீல் தொழில் பண்ணேன் கல்யாணம் பண்ணேன்னு தனக்காகத் தானே வாதாடி ஜெயிச்சாரு. அவரு ஜெயிச்ச பிறகுதான் பறிக்குற வேலை ஓஞ்சுது. இந்தியருங்களுக்குக் கதவு திறந்தது 1946ல, அதுவும் வருசத்துக்கு 100 பேருன்னு கோட்டா வச்சு. நம்மள மாதிரி ஆளுங்க மொத்தமா வர ஆரம்பிச்சது 1965 சட்டத்துக்கு அப்புறம், சிவில் ரைட்ஸ் போராட்டத்துல கறுப்பின மக்கள் அடி வாங்கி நாட்டோட மனசை மாத்தின அதே வருசங்கள்ல வந்த சட்டம் அது. நாங்க படிப்பாலதான் வந்தோம்னு மேடையில பேசுறோம், படிப்பு 1930லயும்தான் இருந்துச்சு.

இன்னொண்ணு. நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு இன்னும் சிட்டிசன் கிடையாது, கிரீன் கார்டு வரிசையில நிக்கிறாங்க. அவங்களுக்கு இங்க என்ன உரிமைன்னா அதுக்கும் ஒரு கேஸ்தான், 1886ல வந்த யிக் வோ கேஸ். சான் ஃப்ரான்சிஸ்கோவுல மரக்கட்டடத்துல லாண்டரி நடத்த பர்மிட் வேணும்னு ஒரு விதி, தீ விபத்து பயமாம். சட்டத்துல சீனன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஆனா விண்ணப்பிச்ச 200 சீனருங்களுக்கும் இல்லைன்னுட்டாங்க, சீனரல்லாத 80 பேருக்குக் குடுத்தாங்க. லாண்டரிக்காரரு 10 டாலர் அபராதம் கட்ட மாட்டேன்னு ஜெயிலுக்குப் போனாரு. சட்டத்தோட எழுத்து ஒழுங்கா இருந்தாலும் அதை நடத்துற கை கோணலா இருந்தா செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லுச்சு, அதோட முக்கியமா, பதினாலாவது திருத்தம் சம பாதுகாப்பு குடுக்குறது குடிமகனுக்கு மட்டும் இல்ல, இந்த மண்ணுல இருக்குற எந்த மனுசனுக்கும்னு. எச்1பிக்காரருக்கு கோர்ட்டுல நிக்க இன்னிக்கு இருக்குற தரை இதுதான்.

ஹார்வர்டு கேஸ், 2023, காலேஜ் அட்மிஷன்ல இனம் பாத்து சீட்டு குடுக்கக்கூடாதுன்னு வந்த தீர்ப்பு, அது மட்டும் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்க காலேஜ் சீட்டு சம்பந்தப்பட்டதுல்ல, அதனால அன்னிக்கு குரூப்ல ஸ்வீட்டு படமெல்லாம் போட்டாங்க, அன்னிக்கு யாரும் அரசியல் வேணாம்னு சொல்லல. அந்தத் தீர்ப்பு சரியா தப்பாங்குறதுல எனக்கு ஒரு கருத்து உண்டு, இங்க அது வேணாம், பிள்ளைங்களுக்கு எங்களை விடக் காரமான கருத்து இருக்கு.

அப்புறம் லவ்விங் கேஸ், 1967. வெள்ளைக்காரரும் கறுப்பினப் பொண்ணும் கல்யாணம் பண்ணதுக்கு வர்ஜீனியாவுல ராத்திரி ரெண்டு மணிக்கு ஷெரீப் வீட்டுக்குள்ள புகுந்து டார்ச் அடிச்சான், 25 வருசம் ஊருப்பக்கம் வரக்கூடாதுன்னு தீர்ப்பு. சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது ஜட்ஜும் சேர்ந்து, இனம் மாறிக் கல்யாணம் பண்ணக்கூடாதுங்குற அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போட்டாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்க இங்க யாரை யாரைக் கட்டியிருக்காங்கன்னு பேரு சொல்லி எழுதல, கல்யாணத்துக்கு எல்லாரும் போய் சாப்பிட்டுட்டுதானே வந்தோம். சாதி பாத்து மேட்ரிமோனியில தேடுறவங்களுக்கு இந்தத் தலைப்பு கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

ஆகவே கேக்குறது இதுதான். கைப்பேசி தலைப்பை சின்னப் பிள்ளைங்க பிரிவுக்குக் கொண்டு போயிருங்க. பெரிய பிரிவுல வாங் கிம் ஆர்க், திண்ட், யிக் வோ, லவ்விங், நாலுல ஒண்ணைப் பிள்ளையே எடுத்துக்கட்டும், அஞ்சு நிமிசப் பேச்சு, அப்புறம் நடுவரு ரெண்டு கேள்வி. அப்பா அம்மா எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சா அந்த ரெண்டு கேள்வியில தெரிஞ்சுரும். தமிழ்ல குறிப்புகள் நான் எழுதித் தரேன், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கத்துக்கு மேல போகாது. நடுவரா வர இமிக்ரேசன் வக்கீல் ஒருத்தங்க ஒத்துக்கிட்டாங்க, நம்ம ஊருப் பொண்ணுதான், தமிழ் வாசிக்க வராது, ஆனா கேட்டா நல்லாப் புரியும். சனிக்கிழமை மீட்டிங்ல நீங்க சரின்னு சொல்லிட்டா அன்னிக்கே அவங்களுக்குத் தேதி சொல்லிருவேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்குற உங்க தன்னார்வ வாத்தியாரு