மரை போன பிரேம்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய இரும்புச் சைக்கிளைக் கொண்டுவந்து, "மரை போய்விட்டது, கப்பை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுங்கள்" என்று கேட்பவர்களை நாங்கள் திருப்பி அனுப்புவதில் சிலருக்கு வருத்தம் உண்டு. கப் என்பது பெடல் அச்சின் குண்டுகள் ஓடும் கிண்ணம். பிரேமில் உள்ள மரையில், அதாவது திருகுவரியில், திருகி ஏற்றுவது. அது தேயும் பொருள். அதை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் அடுத்த முறை கழற்ற முடியாது. நல்ல பிரேம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அதனால்தான் மறுக்கிறோம்.

அதிகம் கெடுவது பெடல் அச்சு ஓடும் பாட்டம் பிராக்கெட் கூடுதான். துரு ஒரு காரணம். ஸ்பேனரில் குழாயை மாட்டி முறுக்கும் முரட்டுக் கை இன்னொன்று. ஆங்கிலேய அளவில் வலப்பக்க கப்புக்கு எதிர் மரை. வழக்கமான திசைக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும். நாட்டிங்ஹாமில் தயாரான பழைய ராலே சைக்கிள்கள் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும். இன்று கிடைக்கும் கப்புகளிலோ 24. விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் முதல் சுற்று ஏறிவிடும், பிறகு பிடிக்கும். அங்கே நிறுத்தாமல் முறுக்கினால் மரை அறுந்துவிடும்.

நாங்கள் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்ப்போம். பல நேரம் கெட்டது மரையல்ல, அதில் இறுகிய அழுக்கு. ஓரத்து மரைகள் மட்டும் நசுங்கியிருந்தால், டேப் எனப்படும் மரை வெட்டும் கருவி போட்டுச் சீராக்குவோம். இரு பக்க டேப்புகளும் ஒரே தண்டில் ஓடினால்தான் கப்புகள் நேர்கோட்டில் உட்காரும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே என்று போகிற வேலை. அவசரப்படுத்த வேண்டாம்.

மரை முழுவதும் போயிருந்தால் இரண்டு வழிகள். ஒன்று, மரையே தேவைப்படாமல் கூட்டுக்குள் இறுகி நிற்கும் பாட்டம் பிராக்கெட், அதாவது அச்சும் பேரிங்கும் சேர்ந்த தொகுதி. ஆப்பு போன்ற பின்னால் அச்சில் இறுக்கிய பெடல் கை (கோட்டர் பின் கிராங்க்) இருந்தால் அதையும் மாற்ற வேண்டிவரும். மற்றொன்று, 1.37 அங்குலக் கூட்டை இத்தாலிய அளவான 36 மி.மீ.க்குப் புதிதாக மரை வெட்டுவது. வெட்டிய இரும்பு திரும்ப வராது. இத்தாலிய அளவில் இரு பக்கமும் வல மரை, அதாவது வழக்கமான திசையில் இறுகுவது. மிதிக்க மிதிக்க வலப்பக்க கப் தளரப் பார்க்கும் என்பதால் நன்றாக இறுக்கி, மரைப் பசையும் போடுவோம். கேட்டால், முதல் வழியைத்தான் பரிந்துரைப்போம்.

கியர் மாற்றி தொங்கும் 10 மி.மீ. துளையின் மரை போனால் கவலை வேண்டாம். துளையைப் பெரிதாக்கி புது மரையாக எஃகுச் சுருள் வைத்துவிடலாம்.

கழற்றிச் சுத்தம் செய்து பார்த்த பிறகே செலவைச் சொல்வோம். உங்கள் சம்மதம் இல்லாமல் வெட்ட மாட்டோம். பழைய கப்பு, அச்சு எதையும் எறியாமல் கூடவே கொண்டுவாருங்கள். அளவைக் கண்டுபிடிக்க அவை வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து