கோடை வெயிலும் பிள்ளைகளின் தோலும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

திருப்புதல் தேர்வுகள் முடிந்துவிட்டன. விளையாட்டு விழாவும் ஆண்டு விழாவும் நல்லபடியாக நடந்தேறின. அறிவியல் கண்காட்சியில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஆர்வமாகப் பங்கெடுத்தார்கள். வெளிப் போட்டிகளுக்குப் போனவர்கள் பரிசுகளோடு வந்து பள்ளிக்குப் பெருமை சேர்த்தார்கள். உடன் நின்ற ஆசிரியர்களுக்கும் உங்களுக்கும் நன்றி. ஆண்டுத் தேர்வு அட்டவணையை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இந்தக் கடிதத்தில் முக்கியமாகப் பேச வேண்டியது வேறொன்று. மாசி பிறந்ததிலிருந்து வகுப்பாசிரியர்களுக்கு ஒரே மாதிரியான சீட்டுகள் வருகின்றன: "வெயிலில் நின்றால் பிள்ளை கறுத்துப்போகும், பி.டி. பீரியடுக்கு அனுப்ப வேண்டாம்." பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு. அதே பிள்ளைகள் சிலரின் பைகளில் நிறம் கூட்டும் கிரீம் ட்யூப்களும் இருக்கின்றன. உங்கள் அக்கறையை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. வெயிலிலிருந்து தோலைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடும் இல்லை. ஆனால் காக்க வேண்டியது தோலின் நலத்தை. நிறத்தைப் பற்றிய பயத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

வெயில் பட்டதும் தோல் தனக்கு நிறம் தரும் மெலனினைக் கூடுதலாக உண்டாக்குவது தன்னைக் காத்துக்கொள்ளத்தான். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இந்தப் பாதுகாப்பு இயல்பாகவே சற்று அதிகம். அதற்காக நம் பிள்ளைகளின் தோல் வேகாது என்று நினைத்துவிடக் கூடாது. சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தொட்டால் சூடு, எரிச்சல், இழுத்துப் பிடித்தாற்போன்ற இறுக்கம், இரண்டு மூன்று நாளில் உரிதல், இவைதான் அடையாளம். மதியம் பட்ட வெயில் மாலையில்தான் எரியத் தொடங்கும். மறுநாள் வரை ஏறும். அதனால் பள்ளியில் நன்றாக இருந்த பிள்ளை இரவில் அழுகிறது.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுற்றிலும் பாறை மலைகள். பகலில் வாங்கிய சூட்டை இரவு வரை விடுவதில்லை. ஆனால் வெக்கை வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. மாலை ஐந்து மணிக்குத் தார்ச்சாலை கொதித்தாலும் கதிர் தணிந்திருக்கும். மேகம் மூடி, காற்று இதமாக வீசும் நண்பகலில் அது தணிந்திருக்காது. எனவே நிழலைப் பாருங்கள். பிள்ளையின் நிழல் பிள்ளையின் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். ஏப்ரலில் நம் ஊரில் காலை ஒன்பதேகால் வாக்கிலேயே நிழல் குட்டையாகிவிடும். மறுபடி நீள மூன்றேகால் ஆகும். அந்த மாதத்தின் நான்காவது வாரத்தில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். விடுமுறையில் தெருக் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இந்த நிழல் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். ஒருமுறை சொன்னால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இனி அந்த ட்யூப்கள். சிறிய எழுத்தில் இருக்கும் பெயர்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது அரிப்பையும் அழற்சியையும் அடக்கும் மருந்து. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்றும் இருந்தால், பெரியவர்களின் மங்குக்கு (முகத்தில் படரும் கருந்திட்டுக்கு) மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து அது. முதலில் முகம் பளிச்சென்று ஆகும், அங்கேதான் ஏமாறுகிறோம். பிறகு தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூல் இழை போல ரத்த நாளங்கள் தெரியும். பரு கிளம்பும். பூனை முடி அடர்ந்து வளரும். மெலிந்த தோலில் காலை வெயில்கூட எரியும். ட்ரெட்டினாயின் அந்தக் கூச்சத்தை இன்னும் கூட்டும். கறுக்கக் கூடாதென்று போடுவதே வெயிலைத் தாங்காத தோலாக்கிவிடுகிறது. ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பதற்கு எதிராக மத்திய அரசு 2018-இல் விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாத எந்தக் கிரீமும் பிள்ளையின் பையில் இருக்கக் கூடாது. இருந்தால் வாங்கி வைத்து உங்கள் கையில்தான் தருவோம். கறுத்துவிடும் என்ற காரணத்துக்காக விளையாட்டிலிருந்து விலக்கு கேட்கும் சீட்டுகளையும் இனி ஏற்கமாட்டோம். ஓடி ஆடும் வயதில் ஒரு பெண் குழந்தையை நிறத்துக்காக வகுப்பறையில் உட்கார வைப்பது அவளுக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவந்த பிள்ளை என்றால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். முகம் சிவந்து வீங்கும்; அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே போடத் தோன்றும். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. கன்னத்தில் வெளிறிய திட்டு இருந்தால் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கிறோம். பெரும்பாலும் அது வறண்ட தோல்தான். சுற்றியுள்ள இடம் வெயிலில் கறுக்கும்போது திட்டு எடுப்பாகத் தெரிகிறது. குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் மெல்ல மறையும். தொட்டால் உணர்வே இல்லாத திட்டு என்றால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கறுமை போக எலுமிச்சை தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வரும். அது விட்டுப்போகும் கரும்பட்டை பல வாரம் நிற்கும்.

பாதுகாப்புக்குச் செலவு அதிகம் ஆகாது. துணியும் நிழலும்தான் முதல். நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டையை ஜூன் வரை சீருடையாக ஏற்கிறோம். நைந்து வெளிச்சம் தெரியும் வெள்ளைத் துணி, அதுவும் வியர்வையில் நனைந்துவிட்டால், கதிரை நன்றாகவே உள்ளே விடும். முன்புறம் மட்டும் நீட்டிய கிரிக்கெட் தொப்பியில் காதும் பிடரியும் வெந்துபோகும். சுற்றிலும் நான்கு விரல் அகல விளிம்புள்ள தொப்பி நல்லது. குடையும் கொண்டுவரலாம். டால்கம் பவுடர், கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு எதுவும் வெயிலைத் தடுக்காது.

வாங்க முடிந்தவர்கள் சன்ஸ்கிரீன் போட்டு அனுப்புங்கள். வாங்க முடியாதவர்கள் வருந்த வேண்டாம். வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்ணான எஸ்.பி.எஃப். 30 போதும். அளவாகப் பூசினால் அது தோலைச் சுடும் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98. விலை வித்தியாசத்தைப் பார்க்கும்போது அந்த ஒரு சதவீதம் பெரிதில்லை. புற ஊதா ஏ கதிருக்கான தடுப்பைக் காட்டும் 'பி.ஏ.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் குறைந்தது மூன்று கூட்டல் குறிகள் இருக்கட்டும். குழந்தைகளுக்கு ஜிங்க் ஆக்சைடு வகை உறுத்தாது. எல்லோரும் தவறுவது அளவில்தான். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்தால் அட்டையில் போட்ட எண் வெறும் எண்தான். பிள்ளையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். ஒவ்வொரு கைக்கும் அதே அளவு. காதையும் பிடரியையும் மறக்க வேண்டாம். வீட்டைவிட்டுக் கிளம்ப இருபது நிமிடம் முன்பு பூச வேண்டும். வியர்த்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஆகவே காலையில் பூசியது மதியத்துக்கு உதவும் என்று நம்ப வேண்டாம்.

தோல் வெந்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை, வெண்ணெய் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காய்ச்சலோ வாந்தியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேர்வு நாட்களில் பள்ளி 12.30-க்கு விடும். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12.15-ஐ ஒட்டி. ஆகவே தயவுசெய்து நேரத்துக்கு வாருங்கள். ஷேர் ஆட்டோ ஏற்பாடு செய்திருப்பவர்கள் ஓட்டுநரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அழைத்துப்போக ஆள் வரும்வரை எந்தப் பிள்ளையையும் கேட்டுக்கு வெளியே நிறுத்தமாட்டோம். வராந்தாவில் உட்கார வைப்போம். பி.டி. பீரியட்களை முதல் மணிக்கு மாற்றியிருக்கிறோம். காலை வழிபாடும் இனி வேப்பமர நிழலில் பத்து நிமிடத்தில் முடியும்.

முன்வாசலுக்குப் பச்சை வலை கட்டித் தந்த பெற்றோர்களுக்கும், தங்கள் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் குடையில் சேர்த்து அழைத்துப்போகும் தாய்மார்களுக்கும், வெயிலில் நின்று சாலையைக் கடக்க உதவும் தாத்தாக்களுக்கும் பள்ளியின் மனமார்ந்த நன்றி. சந்தேகம் இருந்தால் எந்த வேலை நாளிலும் மாலை நான்கு மணிக்கு மேல் என்னை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்