கோட்டு கொடுத்தவர்களுக்கும் வழி சொன்னவர்களுக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

போத்ஸ்வானாக் குடியுரிமை கிடைத்து, அந்த நாட்டு அடையாள அட்டை என் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே அதற்கு ஒமாங் என்று பெயர். செட்ஸ்வானா மொழியில் 'நீ யார்?' என்று அர்த்தம். அதில் ஒன்பது இலக்க எண் இருக்கும், ஐந்தாவது இலக்கம் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2. கணக்கு வாத்தியார் புத்தி, போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஐந்தாவது இலக்கத்தைத்தான் பார்த்தேன். 1 என்று சரியாக இருந்தது. ஏழு வருடம் காகிதத்தோடு அலைந்தவனுக்கு எதையும் சரிபார்க்காமல் வாங்கிக்கொள்ள வராது.

2004 ஜனவரியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு வருட ஒப்பந்தத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். தலைநகர் காபரோனிலிருந்து 50 கிலோமீட்டர் தள்ளி மொலெபொலோலே என்ற இந்தப் பெரிய ஊரிலேயே இருபது வருடம் ஓடிவிட்டது. கரிசல்காட்டுக்காரனுக்கு இந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை. இங்கேயும் வானத்தைப் பார்த்துத்தான் பிழைப்பு. பணத்துக்கே 'பூலா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூலா என்றால் மழை.

குடியுரிமைச் சட்டம் கேட்க எளிமையாகத்தான் இருக்கும். மனு போடுவதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அதற்கும் முந்தைய 12 வருடத்தில் மொத்தம் 10 வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். செட்ஸ்வானாவோ இங்குள்ள இன்னொரு இனத்தின் மொழியோ தெரிந்திருக்க வேண்டும், நடத்தை நன்றாக இருக்க வேண்டும், பழைய குடியுரிமையை விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் 'பத்து வருடம் இருந்தேன்' என்று வாயால் சொன்னால் போதாது. ஒவ்வொரு வருடத்துக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒப்பந்தம் முடிந்து பள்ளி மாறியபோது பழைய அனுமதி தீர்ந்து புதியது வருவதற்குள் ஐந்து மாதம் விழுந்துவிட்டது. அந்த ஐந்து மாதம் நான் சட்டப்படி இங்கே இருந்தேனா என்பதுதான் பின்னால் பெரிய கேள்வியாக வந்து நின்றது.

அண்ணாச்சி, அதனால் முதல் நன்றி உங்களுக்குத்தான். நான் வந்து இறங்கிய இரண்டாம் நாள், காபரோனில் உங்கள் ஆடிட்டர் ஆபீசில் டீ கொடுத்துவிட்டு, "தம்பி, இந்த ஊர்ல ஒரு காகிதத்தையும் தூக்கிப் போட்றாதே, கடைசில அதுதான் சோறு போடும்" என்றீர்கள். இரண்டு வருடத்தில் திரும்பிப் போகப்போகிறவனுக்கு இது எதற்கு என்று மனசுக்குள் சிரித்தேன். இருந்தாலும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். புதுப்பிக்க விண்ணப்பித்ததற்குக் கொடுத்த ரசீது, தேதி முத்திரை பாதி அழிந்து, அந்த டின்னில்தான் கிடந்தது. ஐந்து மாத ஓட்டையை அடைத்தது அந்த ஒரு துண்டுச் சீட்டு. டின்னை மகள் இப்போது சுவாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

அடுத்தது பெயர். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே என்று யாரோ சொல்ல, அப்பா பெயரை எழுதினேன். விளைவு, இருபது வருடமாகப் பள்ளியில் எல்லோரும் என்னை என் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். மனைவிக்கும் மகளுக்கும் குடும்பப் பெயராக இருப்பது என் பெயர். அதாவது காகிதத்தில் அவர்கள் இருவரும் ஒரு குடும்பம், நான் அவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு ஆள். "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று ஒரு கவுண்ட்டரில் என் மனைவியிடம் கேட்டார்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

இதில் பிறப்புச் சான்றிதழும் இல்லை. நான் பிறந்ததை எங்கள் ஊரில் யாரும் பதிவு செய்யவில்லை. எட்டயபுரம் சந்தை முடிந்த மறுநாள் பிறந்தேன் என்பது அம்மாவின் கணக்கு, பள்ளியில் எழுதிக்கொடுத்த தேதி வேறு கணக்கு. தம்பி, நீ தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்து சான்றிதழ் வாங்கினாய், அப்புறம் போலீஸ் நற்சான்று, அப்புறம் அந்தக் காகிதங்கள் வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய அப்போஸ்டில் முத்திரைக்காகச் சென்னைக்கு நான்கு தடவை. ஒரு தடவை என் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று, பஸ் ஸ்டாண்டுக்குப் போனவன் அப்படியே திரும்பி நடந்தாய். ஒரு பைசா கேட்கவில்லை. "அண்ணே, நீ அந்த ஊர்க்காரன் ஆகுறதுக்கு நான் ஏன் இங்க அலையணும்?" என்று மட்டும் ஒரு நாள் போனில் கேட்டாய். அன்றைக்கு உனக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

என் பழைய மாணவி ஒருத்தி அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். எந்த அலுவலகம், என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. ஜூலை மாதக் குளிரில், போர்வையைச் சுற்றிக்கொண்டு காலை ஐந்து மணியிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகும் வழியில் என்னைப் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்துக்கு அழுதவள், எப்படியும் முன்னால் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். "சார், உங்களை முன்னால் விட முடியாது, இவர்களெல்லாம் எனக்கு என்ன பதில் சொல்வார்கள்? ஆனால் உங்கள் கையில் இருப்பது பழைய ஃபார்ம். இப்போதே போய் மாற்றிக்கொண்டு வாருங்கள், இடத்தை இந்தப் பாட்டி பார்த்துக்கொள்வார்" என்றாள். அந்தப் பழைய ஃபார்மைக் கொடுத்திருந்தால் மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பி வந்திருக்கும். அம்மா, நீ சலுகை கொடுக்காததற்குத்தான் இந்த நன்றி. இடத்தைப் பிடித்து வைத்த பாட்டிக்கும்.

இனி பக்கத்து வீட்டு ம்மா.

இங்கே பெண்களை 'ம்மா' என்றும் ஆண்களை 'ர்ரா' என்றும் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக்கூடாது. "துமேலா ம்மா" என்று வணக்கம் சொல்லும்போது ஊரில் யாரையோ 'அம்மா' என்று கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். ம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் கணவர் ஜாம்பியாக்காரர், காலமாகிவிட்டார். நான் மனு போடப்போகிறேன் என்றதும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டு உட்கார்ந்தார். 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, போத்ஸ்வானாப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டினால் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை. ஆணுக்கு அந்தத் தடை இல்லை. இதே ஊரில் பிறந்து, இதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர், பெற்ற பிள்ளைகளுக்கு வெளிநாட்டார் அனுமதி வாங்கி வாங்கி வளர்த்திருக்கிறார். யூனிட்டி டோவ் என்ற வழக்கறிஞர், அவரும் அமெரிக்கரை மணந்தவர்தான், அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு 1991-லும், மேல்முறையீட்டில் 1992-லும் ஜெயித்தார். சட்டம் திருந்தியது 1995-ல். "அந்த வரிசை எனக்குத் தெரியும். நீ என் பின்னால் நில்" என்றார் ம்மா.

அவர்தான் எனக்கு மொழி சொல்லிக்கொடுத்தார். வெட்கக்கேடு, பதின்மூன்று வருடம் இங்கே இருந்தும் வணக்கமும் நன்றியும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. பள்ளியில் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிட்டேன். தினம் சாயங்காலம் வேலியோரம் அரை மணி நேரம். 'ட்ல்' என்று நாக்கின் ஓரத்தில் காற்று விடும் ஒரு ஒலி இருக்கிறது, அது எனக்கு வரவே வரவில்லை. காபரோன் போகும் வழியில் மெட்சிமொட்லாபே என்று ஒரு ஊர். அந்தப் பெயரை நான் சொல்லும்போதெல்லாம் கோம்பி என்கிற மினி பஸ்ஸே சிரிக்கும். பதிலுக்கு நான் ம்மாவை 'வாழைப்பழம்' சொல்லச் சொன்னேன். அதோடு சமாதானம் ஆகிவிட்டோம்.

எண்களில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. எட்டுக்கு 'ரொபெடி', ஒன்பதுக்கு 'ரொபொங்வே' என்கிறார்கள். ம்மா பத்து விரலையும் விரித்து, இரண்டை மடக்கிக் காட்டினார். எட்டு. ஒன்றை மடக்கினார். ஒன்பது. இரண்டை மடக்கு, ஒன்றை மடக்கு என்பதுதான் சொல்லே. நம் ஒன்பதுக்கும் பத்துக்கு ஒன்று குறை என்று பொருள் சொல்வார்கள் என்றேன். அவர் விரல்களை மடக்கியபடியே கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக் கதைக்கு வருகிறேன். என்னைத் தெரியும் என்று எங்கள் பகுதித் தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கப் போனேன். கோட்லா என்பது நம்மூர்ச் சாவடி மாதிரி, ஊர்க் காரியம் எல்லாம் அங்கேதான். நவம்பர் வெயில், அரைக்கைச் சட்டையில் போய் நின்றேன். கோட்டு போடாத ஆண்பிள்ளை கோட்லாவுக்குள் வரக்கூடாது என்று வாசலிலேயே ஒரு பெரியவர் நிறுத்திவிட்டார். திரும்பி வந்தவனிடம் ம்மா எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் கணவரின் கறுப்புக் கோட்டை எடுத்துவந்து தோளில் மாட்டினார். பாச்சை உருண்டை வாசனை. கை இரண்டு அங்குலம் நீளம். அதை மடித்து ஊக்குக் குத்திவிட்டு, தன் தம்பியையும் கூட அனுப்பினார். ம்மாவின் பிள்ளைகளுக்கு அவர் 'மாலோமே', அதாவது தாய்மாமன். கல்யாணப் பேச்சில் நம்மூரைப் போலவே தாய்மாமனுக்குத்தான் முன் வரிசை. போகும் வழியில் அவர் ஒரு பழமொழி சொன்னார்: சித்தப்பா மகளே, என்னைக் கட்டிக்கொள், மாடுகள் நம் பட்டிக்கே திரும்பட்டும். வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி, "பங்காளி வீட்டுப் பெண்ணையா!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். சரி, எல்லாமும் ஒத்துப்போக வேண்டும் என்று என்ன இருக்கிறது.

அந்தக் கோட்டை நான் கழற்றவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இங்கே இறந்தவரைச் சனிக்கிழமை விடியற்காலையில் அடக்கம் செய்வார்கள். அதற்கு முன் வாரம் முழுக்கச் சாயங்கால ஜெபம். பள்ளிக்கூடச் சமையல்காரரின் அப்பா இறந்தபோது கோட்டு போட்டுக்கொண்டு போனேன். குழியை மூடுவது ஆண்களின் வேலை, மண்வெட்டி கை மாறிக்கொண்டே இருக்கும். நமக்குப் பிடி மண்ணோடு முடிந்துவிடும், இங்கே மேடு தட்டுகிற வரை விடமாட்டார்கள். மண்வெட்டியை என் கையில் கொடுத்த இளைஞன் யார் என்று இன்றுவரை தெரியாது. அவனுக்கும் நன்றி. மறுநாளிலிருந்து கடைத்தெருவில் ஆட்கள் என்னிடம் ஆங்கிலத்தில் பேசுவது குறைந்தது.

2020-ல் கொரோனா வந்து எல்லாம் அப்படியே கிடந்தது. அதற்கப்புறம் கோப்பு எங்கே என்று தெரியவில்லை என்றார்கள், அப்புறம் கிடைத்தது என்றார்கள். அதை நீட்ட விரும்பவில்லை. சுமார் 23 லட்சம் பேர் வாழும் நாடு, படித்த பிள்ளைகள் பலர் வேலையில்லாமல் இருக்கும் நாடு, வெளியாளை உள்ளே எடுக்கும்போது நிதானமாகப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. பதில் கடிதம் போடாததில்தான் வருத்தம்.

நேர்காணலில் செட்ஸ்வானாவில் முதல் கேள்வி: "உங்களிடம் மாடு எத்தனை?" நான் அரசியலமைப்பு, சுதந்திரம் பெற்ற 1966 செப்டம்பர் 30 எல்லாம் நெட்டுருப் போட்டுப் போயிருந்தேன். மாடு இல்லை, கோழி இருக்கிறது என்றேன். எத்தனை? ரொபொங்வே. மேசையின் கீழே விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டார். அதற்கப்புறம் கோழியைப் பற்றியே பத்து நிமிடம் பேசினோம்.

போத்ஸ்வானா இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கவில்லை, இந்தியாவும் கொடுப்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த அன்று, ரத்து முத்திரை குத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த முத்திரைச் சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இனி முன்னாள் இந்தியர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கினால் ஊருக்கு விசா இல்லாமல் போகலாம், வரலாம். ஓட்டு கிடையாது. பரம்பரையாக வரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், புதிதாக ஒரு குழி நிலம் வாங்க முடியாது. ஓடைக்கரைத் துண்டை வாங்கலாம் என்று நாம் பேசிவைத்தது இனி உன் பெயரில்தான் தம்பி.

மகளின் மனுவையும் அவளுக்கு 18 ஆவதற்குள் சேர்த்துவிட்டோம். இங்கே பிறந்தவள்தான், ஆனால் பெற்றோர் குடிமக்களாக இல்லாவிட்டால் பிறந்த இடம் மட்டும் கணக்கில் வராது. என் மனைவி மாறவில்லை. அவள் அம்மா இருக்கும்வரை இந்தியப் பாஸ்போர்ட்டை விட மாட்டேன் என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அனுமதிச் சீட்டுக்காக இனி நான் வரிசையில் நிற்பேன். இத்தனை வருடம் எனக்காக அவள் நின்றாள். அவளுக்கு நன்றியை இங்கே எழுதுவதைவிட வீட்டில் சொல்வதுதான் மரியாதை, சொல்லிவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். காலையில் யார் வீட்டிலாவது அடக்கம் இருக்கும், அது முடிந்து வந்தால் போதும். சமையல்காரர் பெரிய இரும்புப் பானையில் செஸ்வா செய்கிறார், உப்பு மட்டும் போட்டு வேகவைத்து இடிக்கும் கறி. கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பாரும் மோரொகோ கீரைப் பொரியலும் உண்டு.

ம்மா, இந்தக் கடிதத்தை மகள் உங்களுக்குச் செட்ஸ்வானாவில் வாசித்துக் காட்டுவாள். கோட்டைச் சலவைக்குக் கொடுத்து, மடித்துக் கொண்டுவந்து நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. கையின் நீளத்தைத் தையல்காரரிடம் கொடுத்துக் குறைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். குறைத்துவிட்டேன்.