காற்றின் மீது மட்டும் பழி போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இன்றைய கார்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதற்குக் காற்றுதான் காரணம் என்ற விளக்கத்தை அடிக்கடி படிக்கிறேன். அது பாதி உண்மை. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. எரிபொருளை மிச்சப்படுத்த முகப்பை வழவழப்பாக்கி, கூரையைப் பின்னோக்கிச் சரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 1934-இல் வந்த டாட்ரா 77 காரும் காற்றை மனத்தில் வைத்தே உருவானது. அதன் முதுகில் மீனின் துடுப்பு போல ஒரு தகடு நிமிர்ந்து நிற்கும். 1955-இன் சிட்ரோயன் டி.எஸ். கூரிய மூக்கும் பாதி மறைந்த பின்சக்கரமுமாக வந்தது. இரண்டையும் யாராவது மாற்றி அடையாளம் சொல்வார்களா?

உயிரைக் காக்கும் விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். மோதப்பட்டவரின் தலை எஞ்சினில் அடிபடாதபடி பானெட்டின் அடியில் இடைவெளி வேண்டும். பாதசாரிகளுக்கான இத்தகைய விதிகள் ஐரோப்பாவில் 2005 முதல் நடைமுறைக்கு வந்தன. பானெட் உயர்ந்தது, அதோடு ஜன்னல் விளிம்பும் உயர்ந்தது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காதிருக்க அதைத் தாங்கும் தூண்கள் தடித்தன. இதற்கு நாம் கொடுக்கும் விலையும் சிறிதல்ல. பின்சீட்டில் அமரும் என் ஆறு வயது மகளுக்குக் கழுத்தை நீட்டினாலும் மரங்களின் உச்சிதான் தெரிகிறது. அந்த வயதில் நான் ஜன்னல் விளிம்பில் முகவாயை வைத்து வழி முழுவதும் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனவன்.

யாரும் அதிகம் பேசாத காரணம் ஒன்று உண்டு: பொதுவான அடித்தளம், அதாவது பல கார்களுக்கும் ஒரே அடிப்பாகம். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2012-இல் கொண்டுவந்த எம்.க்யூ.பி. அடித்தளத்தில் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, சியட் லியோன் என்று வரிசையாகக் கார்கள் பிறந்தன. அதில் முன்சக்கரத்தின் மையத்துக்கும் பெடலுக்கும் உள்ள தூரம் மாறாது. காரின் உருவத்தை வரையும் வடிவமைப்பாளர் பென்சிலைத் தொடுவதற்கு முன்பே மூக்கின் நீளம் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பிறகு அவர் கையில் மிஞ்சுவது விளக்கும் கிரில்லும்தான். அவற்றை ஆளுக்கொரு விதமாக உறும வைக்கிறார்கள்.

நிறத்தைப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி. காரின் மீது காற்றை வீசிச் சோதிக்கும் எந்தக் காற்றுச் சுரங்கம் இதைக் கேட்டது? எந்தப் பாதுகாப்பு விதி கேட்டது? மறுவிற்பனையில் விலை போகாது என்ற பயத்தில் நாமே இதைத்தான் கேட்டு வாங்குகிறோம். நானும் வெள்ளைக் கார்தான் வாங்கினேன், இன்று வருந்துகிறேன்.

கார்களைப் பற்றி எழுதும் தங்கள் செய்தியாளர்கள் மைலேஜையும் திரையின் அளவையும் போலவே, ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் பின்சீட்டிலிருந்தும் வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதையும் அளந்து எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்